கட்டிலோரத்து போன்

கணபதி, கோவை
14.2.1999

அன்பு மகன் கதிரேசனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் நலம். உன் அம்மா நலமா என்பதை இதை முழுக்கப் படித்துவிட்டு நீயே சொல். நீயும் மருமகளும் ரித்திகாவும் சுகமாக இருக்க மருதமலையானை வேண்டிக்கொள்கிறேன்.

அம்மா இடுப்பு ஒடிந்து படுத்ததைப் பார்க்க ஆடியில் வந்தபோது, ஒர்க்‌ஷாப் ரூமில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்து, இனிமேல் போன் எதுக்குங்கப்பா, எல்லாம் இமெயில்ல பேசிக்கலாம், பாப்பா போட்டோகூட வரும் என்று சொல்லிப் போனாய். அதற்குப் பிறகு நீ கூப்பிடவே இல்லை. கம்ப்யூட்டரைப் போனோடு சேர்க்கிற மோடமோ லைன் பிடிக்க மாட்டேன் என்கிறது. நம்பர் போட்டு, கீச்சென்று கத்தி, சேரப்போகிற நேரத்தில் அறுந்துவிடும். ரிப்பேருக்கு நான் யாரையும் கூப்பிடவில்லை. மோட்டாருக்குக் காயில் கட்ட எனக்கு எவன் சொல்லிக் கொடுத்தான்? ஒயரை மாற்றினேன், பின்னைப் பெட்ரோல் தொட்டுத் துடைத்தேன், நீ சொன்ன செட்டிங்கை எல்லாம் மறுபடியும் போட்டேன். தினமும் சாயங்காலம் லேத்தை நிறுத்திவிட்டு இதே வேலை. கடைசியில் உன் சிநேகிதன் திருமலைசாமி தானாக வந்து பார்த்தான். மோடம் நல்லாத்தான் இருக்குதுங்க மாமா, ஊட்டுக்குள்ள இன்னொரு போன் இருக்குதில்லீங்களா, நடுவுல அதை எடுத்தா லைன் அறுந்துருமுங்க, யாராச்சும் எடுக்கறாங்களா என்று கேட்டான். மணியே அடிக்காத போனை எவன்டா எடுப்பான் என்று சத்தம் போட்டேன்.

அவனை மறுபடியும் நம்பர் போடச் சொல்லிவிட்டு, அவன் சொன்னது தப்பு என்று காட்டத்தான் உள்ளே போனேன். நீ கூப்பிட்டால் எழுந்திருக்காமலே உன் அம்மா பேசட்டும் என்று அதே லைனில் நான் கட்டிலோரம் இழுத்துக் கொடுத்த போன் அது. மோடம் நம்பர் போடப் போட அதன் மணி டிங் டிங்கென்று லேசாகத் தட்டுகிறது. கையை நீட்டி எடுத்துவிட்டாள். கண்ணு, இன்னைக்கும் ஒரே இரைச்சலா இருக்குது சாமி, நீ பேசறது கேக்கலை, நான் பேசறது கேக்குதா, சாப்பிட்டியா, பாப்பா தூங்கிட்டாளா என்று அந்தக் கீச்சுச் சத்தத்திடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும், பையன் தினமும் கூப்பிடறானுங்க, பாவம் லைன்தான் சரியாக் கிடைக்கறதில்லை, சொன்னா நீங்க அவனைத் திட்டிப்போடுவீங்கன்னுதான் சொல்லலை என்றாள்.

அந்தப் போனைக் கழட்டிட்டா இப்பவே இமெயில் வந்துருமுங்க என்றான் திருமலைசாமி. தொடாதே என்றேன். கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடிவிட்டேன், நீயே நேரில் வந்து சொன்னாலும் திறக்கமாட்டேன். அவளிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது மணி தட்டுவதில்லை. பையன் ஏனுங்க கூப்பிடறதே இல்லை, அவனுக்கு உடம்புக்கு ஏதாச்சுங்களா என்று தினமும் கேட்கிறாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியது நான் இல்லை.

மருமகளைக் கேட்டதாகச் சொல். ரித்திகாவுக்கு எங்கள் ஆசி எப்போதும் உண்டு. குளிரில் தலையை மூடாமல் வெளியே போகாதே. இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே கூப்பிடு. நான் எடுக்கமாட்டேன், அவள்தான் எடுப்பாள். கை எட்ட நேரமாகும், அவசரப்பட்டு வைத்துவிடாதே, மணி அடிக்கட்டும். இத்தனை நாளும் உனக்கும் இரைச்சலாகத்தான் இருந்ததா என்று கேட்பாள். ஆமாம் என்று சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா
தம்பிதுரை