துப்பிய கோப்பை

சித்திரபுரம்
12-8-1975

அன்புள்ள ராமாத்தாளுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா என்று எழுது.

விறகு விலை ஏறியதால், வீணாவதை மறுபடி பயன்படுத்தும் ஒரே ஒரு திட்டத்தைக் கம்பெனி தேர்ந்தெடுக்கும் என்றார்கள். இலை உலர்த்தும் இயந்திரம் வெளியே விடும் சூட்டுக்காற்றை இலை வாட்டும் மாடிக்குத் திருப்பலாம் என்பது என் திட்டம். தேயிலைக் கழிவை உரமாக்குவது மேனேஜரின் மைத்துனன் திட்டம். என்னுடையது தேறினால் குடும்பக் குவார்ட்டர்ஸ் கிடைக்கும், நீயும் இங்கே வந்துவிடலாம் என்றுதான் பசுவை விற்க ஆள் பார்க்கச் சொன்னேன்.

நேற்று ருசி பார்க்க, பழைய முறைத் தேயிலை ஒன்றும் என் முறைத் தேயிலை ஒன்றுமாக, எது எதுவென்று சொல்லாமல் இரண்டு கோப்பை வைத்தோம். தலைமை அலுவலகத்துப் பெரியவர் முதலாவதைப் புகழ்ந்தார். இரண்டாவதைத் துப்பிவிட்டு, "புகை நாற்றம். சூட்டுக்காற்றுத் தேயிலை இப்படித்தான் இருக்கும்" என்றார்.

கோப்பைகளை அடுக்கியவன் நான். பதினெட்டு வருஷம் வாயை மூடியிருந்தது போதும் என்று தோன்றியது. "துப்பியது பழைய முறைத் தேயிலை, சார். நீங்கள் புகழ்ந்ததுதான் என்னுடையது" என்றேன். மாலையில் உரத் திட்டம் தேர்வானதாக அறிவித்தார்கள்.

இயந்திரம் ஓட்டும் பெரியமுத்து கேட்டான்: "அத்தனை பேரு முன்னால பெரிய மனுசனைப் பொய்யனாக்கிட்டு, குவார்ட்டர்ஸ் வேற கேக்கீயளா சார்?"

வேலைக்கு ஆபத்தில்லை, பயப்படாதே. மழை விடவில்லை. பழைய கம்பளியும் கொஞ்சம் கொள்ளுப்பொடியும் கொடுத்தனுப்பு. தபால்காரர் காத்திருக்கிறார். பசுவுக்கு ஆள் வந்திருந்தால், விற்பதாக இல்லை என்று சொல்லிவிடு.

ஆறுச்சாமி