பாப்பாவின் இளைப்பும் என் கொச்சின் கோழிகளும்

4.1.1992, சனி

இந்நேரத்துக்கு விளக்கைப் போட்டு எழுதுகிறேன். பக்கத்தில் படுத்திருக்கும் பாப்பாதான் மன்னிக்க வேண்டும். இப்போதுதான் அவளுக்கு மூச்சு சீரானது. மூன்று வயதுக் குழந்தைக்கு விலா எலும்பு தெரிய இழுக்கிறது. முதுகைத் தடவுவதைத் தவிர என்னால் என்ன செய்ய முடிகிறது?

டாக்டர் இன்று சொல்லிவிட்டார். பஞ்சுத் தூசியாக இருக்கலாம், கோழி இறகாகவும் இருக்கலாம், ஒவ்வொன்றாக விலக்கிப் பாருங்கள் என்று. பஸ்ஸில் வரும்போதே என் மனது ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. பஞ்சுதான். வீட்டை ஒட்டிய ஷெட்டில் எங்கள் நான்கு பனியன் நிட்டிங் மெஷின். ஃபேன் இறக்கையில், கொசுவலையில், ஆறவைத்த பாலில்கூடப் பஞ்சு. ஆனால் இந்த ஊரில் பஞ்சை யாரும் தூசி என்று நினைப்பதில்லை. எங்களோடு இருக்கும் என் நங்கை பழனாத்தாள், வீட்டுக்காரரின் அக்கா, கேட்டதும் சொன்னார்: "பஞ்சுலதான் நாங்க அத்தனை பேரும் வளந்தோம். யாருக்கு இளைச்சுது? காலுக்கு பேண்ட் போட்ட அந்தக் கோழிகள மொதல்ல அனுப்பு அம்மிணி."



6.1.1992

ஆறு கொச்சின் கோழிகள், கால்விரல்வரை இறகு மூடிய அலங்கார ஜாதி. ஒரு ஜோடி, அதன் பிள்ளைகள் நான்கு. கீரிக்குப் பயந்து பின் வராந்தாவில், நாங்கள் படுக்கும் அறை ஜன்னலுக்குக் கீழே வைத்திருக்கிறேன். கல்யாணமான வருஷம் உடுமலையிலிருந்து கண்ணம்மாள் தவிட்டில் புதைத்து அனுப்பிய முட்டைகளிலிருந்து வந்த வம்சம் இது. ஹாஸ்டலில் என் அறைத்தோழி அவள். நாட்டுக்கோழியின் அடையில் வைத்துப் பொரித்தேன். எதை எதோடு சேர்த்தால் நிறம் பொன்னாகும், எதைச் சேர்த்தால் காலிறகு அடர்த்தியாகும் என்று யோசித்து யோசித்து மூன்றாம் தலைமுறைக்கு வந்திருக்கிறேன்.

விலங்கியல் பட்டம் பீரோவில் இருக்கிறது. இந்த வீட்டில் நான் தீர்மானித்து, நினைத்தபடியே நடந்த காரியம் இவை மட்டும்தான். அதனால்தான் பஞ்சு என்கிறேனா? இல்லை. பஞ்சுதான்.

12.1.1992, ஞாயிறு

பொங்கலுக்கு மெஷின் ஓட்டும் மதுரைப் பக்கத்து ஆட்கள் ஊருக்குப் போகிறார்கள். வழக்கமாக நான்கு நாள் லீவு. இந்தத் தடவை பத்து நாள் மெஷினை நிறுத்தப் போவதாக வீட்டுக்காரர் சொன்னார். நான் எதிர்பார்க்கவே இல்லை. "ஆர்டர்காரங்ககிட்ட நான் பேசிக்கறேன். உம்பட சந்தேகத்த மொதல்ல தீத்துக்கலாம்" என்றார்.

அவர் முன்னறையில் படுப்பவர். பாப்பாவின் இரவுகள் எனக்கு மட்டுமே தெரியும்.

16.1.1992

மெஷின் நின்று நான்காவது நாள். நல்ல இரவு.

18.1.1992

நேற்று இரவு மூன்று தடவை எழுந்து உட்கார்ந்தாள்.

காலையில் பல் தேய்த்துக்கொண்டே அவர் எப்படி என்று கேட்டார். "நல்லாத் தூங்குனாளுங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? ஒரு இரவை வைத்து முடிவு கட்டக்கூடாது, சுவரில் பழைய பஞ்சு ஒட்டியிருக்கும் — எனக்கு நானே வக்கீலாகிறேன்.

20.1.1992

நேற்றும் இழுத்தது. இன்றும் அதே பதில் சொன்னேன்.

22.1.1992, புதன்

ஊருக்கு வெளியே நெருப்பெரிச்சலில் அவர் ஒரு ஷெட் பார்த்துவிட்டு வந்தார். பிப்ரவரி நடுவில் காலியாகுமாம். மெஷின்களை அங்கே கொண்டுபோய்விடலாம், இனி ராத்திரி ஷிப்டுக்கு அங்கேயே தங்கிக்கொள்கிறேன் என்றார். நங்கை சண்டை போட்டார். வீட்டோடு தொழில் இருந்தால்தான் ஆள் கண்ணில் படுவான் என்று. "பத்து நாள்ல குழந்தை தேறியிருக்குதல்லக்கா. அப்பறமென்ன?" என்றார் அவர்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. எழுந்து போய்க் கோழிகளுக்குத் தீனி வைத்தேன்.

5.2.1992

மெஷின்கள் ஓடுகின்றன, ஷெட் காலியாகும்வரை. சனி ஞாயிறு பொள்ளாச்சியில் விவசாயக் கண்காட்சி, கோழிப் போட்டியும் உண்டு. மகள் பெட்டைகளில் பெரியதைக் குளிப்பாட்டினேன். வெதுவெதுப்பான தண்ணீர், பூந்திக்கொட்டை நுரை, காலிறகுக்குப் பழைய பிரஷ். பனியன் துணியில் சுற்றி வெயிலில் வைத்தால் குழந்தை மாதிரி கண் சொருகுகிறது.

பாப்பாவோடு கோழிகளையும் நங்கையால் பார்க்க முடியாது, அதனால் நாளை ஆறையும் கூட்டிக்கொண்டு கண்ணம்மாள் வீட்டுக்குப் போகிறேன். பாப்பா நங்கையிடம். மருந்து, மணி, அளவு எல்லாம் எழுதிச் சுவரில் ஒட்டியாயிற்று. போகாமல் இருந்துவிடலாமா என்று நான்கு தடவை நினைத்தேன்.

9.2.1992, ஞாயிறு, உடுமலைப்பேட்டை

முதல் பரிசு.

தேர்வுக்கு வந்திருந்தவர் ஓய்வுபெற்ற கால்நடை டாக்டர். பெட்டையைத் தூக்கி, காலிறகை விரலால் விரித்து, வெகுநேரம் பார்த்தார். ஜோடி சேர்த்தது யார் என்று கண்ணம்மாளின் வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் கேட்டார். "நானுங்க" என்றேன். என் பக்கம் திரும்பினார். "பொறுமையா செஞ்சிருக்கீங்கம்மா. மூணு தலைமுறையாச்சும் இருக்கும்" என்றார். யாரும் சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தச் சந்தோஷத்தோடு பூத்துக்கு ஓடி எங்கள் ஷெட்டுக்குப் போன் செய்தேன். நங்கை எடுத்தார். குரலில் அத்தனை நிம்மதி. "மூணு ராத்திரியும் அசையாமத் தூங்குச்சு கண்ணு. மெஷின் சத்தத்துலயே தூங்குச்சு. வராந்தாவ பினாயில் போட்டுக் கழுவி உட்டேன். நீ பதறாம வா."

மெஷின் ஓடியிருக்கிறது. கோழிகள் இங்கே இருக்கின்றன.

கோப்பை மடியில் கனத்தது. கண்ணம்மாள் ஏன் அழுகிறாய் என்றாள். பரிசு கிடைத்ததற்கு என்றேன். அதுவும் பொய்.

11.2.1992

நேற்று மாலை கோழிகளோடு வந்தேன். இரவு பதினொன்றுக்கு இழுக்க ஆரம்பித்தது.

ஆண்டவா, எனக்குத் தெரிஞ்சேதான் செஞ்சனா? பத்து நாள் அந்தப் புள்ளைய — என் மகள — ஜன்னலுக்குக் கீழ கோழிய வெச்சுக்கிட்டு —

இதை எழுதாமல் விட்டால் நாளையும் சொல்ல மாட்டேன். எழுதிவிட்டேன்.

12.2.1992, புதன்

சொன்னேன். ஷெட்டில் அவர், இடம் மாற்றுவதற்காக முதல் மெஷினின் போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், அவர் பல் தேய்க்கும்போது நான் சொன்ன பதில்கள் உட்பட.

வேஸ்ட் துணியில் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "அந்தப் பத்து நாளும் ஆறு பேருக்கு வேலையில்லைன்னு சொல்லி வெச்சிருந்தேன், அம்மிணி. ஒரு நாளாச்சும் சொல்லியிருக்கலாமில்ல." அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

சாயங்காலம் அவராகவே வந்து நின்றார். "ஏன் அம்மிணி, சேவல மட்டும் தோட்டத்துக் கடைசில வெச்சுக்கலாமா?"

"எறகுத் தூசி எம்பட சேலையோட ஊட்டுக்குள்ள வந்துருமுங்க" என்றேன். அவர் தலையாட்டினார். கழற்றிய போல்ட்டைத் திரும்பப் பூட்டும் சத்தம் கேட்டது.

14.2.1992, வெள்ளி

இரண்டு இரவுகளாக இளைப்பு இல்லை. கண்ணம்மாளுக்கு இன்று தபாலில் போட்ட கடிதத்தை இங்கே பிரதி எடுத்து வைக்கிறேன்.

"அன்புள்ள கண்ணம்மா, ஆறையும் நீயே எடுத்துக்கொள். காரணத்தை நேரில் சொல்கிறேன், அன்று நான் அழுததும் அதற்குத்தான். சேவலை மூத்த பெட்டையோடு மட்டும் விடு, மகள்களோடு வேண்டாம். சின்ன விடைக்கோழிக்கு நடுவிரலில் இறகு குறைவு, அதற்கு உன் வீட்டுச் சேவல்தான் சரி. மூத்தது அடைக்கு உட்கார்ந்தால் பசித்தாலும் எழாது, தீனியைப் பக்கத்திலேயே வை. அடுத்த கண்காட்சியில் உன் பெயரையே எழுது. நான் பார்க்க வருவேன், பாப்பா இல்லாமல். திரும்பும்போது மாற்றிக்கொள்ள உன் சேலை ஒன்று வேண்டும்.

இப்போது அவை ஷெட்டுக்குப் பின்னால் கூடையில் இருக்கின்றன. நங்கைதான் தீனி போடுகிறார், நான் தூரத்தில் நின்று பார்க்கிறேன். கீரி நடமாடும் இடம். வண்டி என்றைக்கு அனுப்புகிறாய்? சீக்கிரம் பதில் போடு."