கேள்வி கேட்காத இறுவட்டு

பிடிவாதப் பெருமகனாரே,

நேற்று மருமகள் மீன்பெட்டியில் பெயர் எழுத மார்க்கர் பேனையைத் திறந்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதுதான் தாமதம், உம்மைப் பிடித்து இரண்டு அறை விட வேண்டும் என்று கை துறுதுறுத்தது. நீரோ சேமக்காலையில் போய்ப் படுத்துவிட்டீர். செத்த ஆளை அறைந்தால் பங்குத்தந்தை கோபிப்பார். ஆகவே, மன்னார்த் தீவின் முடிசூடாக் கணினிச் சக்கரவர்த்தியாகிய நான் இந்த மடலால் அறைகிறேன். வாங்கிக்கொள்ளும்.

கணினியில் எரித்து முடித்த இறுவட்டுகளின், அந்தச் சீடிகளின், முதுகில் நீர் அந்தப் பேனையால்தான் பெயர் எழுதுவீர். பாதை திறந்து, சண்டை கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த காலம். பெரியமடுவில் பிள்ளைகள் படிக்கும் ஒரு தகரக் கொட்டிலுக்கு யாரோ புண்ணியவான்கள் ஆறு பழைய கணினிகளைக் கொடுத்திருந்தார்கள். உள்ளே எதுவுமில்லாத வெறும் பெட்டிகள். மாதம் முடிவதற்குள் அவை ஓடாவிட்டால் வேறு ஊருக்கு ஏற்றிவிடுவோம் என்றும் சொல்லியிருந்தார்கள். மலைநாட்டிலிருந்து வந்து குடியேறி, கூலி வேலைக்குப் போகும் சனங்களின் பிள்ளைகள், ஓடாத அந்தப் பெட்டிகளைத் தினமும் துடைத்து வைக்கிறார்கள் என்று அங்கே படிப்பித்த ரீச்சர் சொல்லி அனுப்பினார்.

உமக்கு அது போதும். இலவசமாகக் கிடைத்த ஓர் இயங்குதளத்தைப் பிரித்து மேய்ந்து, தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் ஒரே இறுவட்டில் வரும்படி கட்டப்போவதாக அறிவித்தீர். கடை என்னுடையது. கதிரை என்னுடையது. மின்சாரமும் என்னுடையது. அறிவிப்பு மட்டும் உம்முடையது.

“சிங்களம் என்னத்துக்கு ஐசே? படிக்கப்போறது தமிழ்ப் பிள்ளையள்,” என்றேன்.

“நாளைக்கு அதுகள் ஒரு அரசாங்கக் கந்தோருக்குப் போனால் எந்தப் பாசையில கடுதாசி நீட்டுவாங்கள்? மூண்டும் கிடக்கட்டும். வேணுமெண்டதை அதுகள் எடுக்கட்டும்.”

“சீடியில இடம் காணாது.”

“உம்மட சீட்டு விளையாட்டைத் தூக்கினால் காணும்.”

தூக்கினீர்! சக்கரவர்த்தியின் ஒரே பொழுதுபோக்கைத் தூக்கி எறிந்துவிட்டுச் சிங்கள எழுத்துருக்களை ஏற்றினீர். மன்னார்த் தெருவில் திரியும் அத்தனை கழுதைகளும் பிடிவாதம் பழக உம்மிடம்தான் ரியூசனுக்கு வந்தன என்பதில் எனக்கு இன்றுவரை ஐயமில்லை. நீர் பிழையாக எரித்துத் தள்ளிய தட்டுகளை என் மனுசி கருவாட்டுப் பந்தல் முழுக்கக் கட்டித் தொங்கவிட்டாள். அந்த மினுக்கத்தில் கண் கூசி, காகங்கள் எல்லாம் இராமேஸ்வரத்துக்குப் பறந்துபோய் அகதியாகப் பதிந்தன.

அதோடு விட்டீரா? நிறுவும்போது இயங்குதளம் கேட்கும் கேள்விகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கினீர். அங்கே பதில் சொல்லத் தெரிந்தவர் எவருமில்லை என்பது உம் நியாயம். கடைசியில் இரண்டு மிஞ்சின. எந்த மொழி என்பது ஒன்று. இந்தக் கணினியில் இருப்பதையெல்லாம் அழிக்கட்டுமா என்பது மற்றது. அந்த இரண்டாவதிலும் நீர் கைவைத்தபோது நான் கையைப் பிடித்தேன்.

“அதை விடும் ஐசே, ஆபத்து.”

“வெறும் பெட்டியில அழிக்க என்ன கிடக்கு? செக்பொயின்றுக்குச் செக்பொயின்ற் மறிச்சுக் கேள்வி கேட்டே எங்கட சனம் அரைவாசி செத்துப்போச்சு. இந்தச் சீடியாவது கேள்வி கேக்காமல் வேலையைப் பாக்கட்டும்.”

அந்த வசனத்தில் நான் பிடித்த கையை விட்டேன்; நீர் அந்தக் கேள்வியையும் பிடுங்கினீர். அதற்கும் சேர்த்துத்தான் ஒரு அறை.

மாதம் முடிய இரண்டே நாள் இருக்கும்போது என் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டோம். கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் இராணுவச் சாவடியில் இறக்கினார்கள். எந்த இறுவட்டையும் தங்கள் கணினியில் போட்டுப் பார்த்துவிட்டு விடுவதுதான் அங்கே வழக்கம். கடமையில் நின்ற சிப்பாய் உம்முடைய தட்டைப் போட்டான். பாட்டுமில்லை, படமுமில்லை. தலையைச் சொறிந்தான். அந்த நேரம் பார்த்து ஜெனரேட்டர் ஒருமுறை இருமி நின்றது. அது மறுபடி உயிர்த்தபோது, கணினி தன் வாயில் கிடந்த தட்டையே முதலில் விழுங்கியது.

திரையில் மூன்று மொழிகளும் வரிசையாக வந்து நின்றன. தன் மொழியை அங்கே கண்டதும் அவன் முகம் மலர்ந்த மலர்ச்சி இருக்கிறதே! “சிங்களத்திலயும் இருக்கு!” என்று அவன் மொழியில் கூவினான். நீர் “வேண்டாம் தம்பி!” என்று பாய்வதற்குள் விரலை வைத்துவிட்டான். உம்முடைய தட்டு ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

பெரிய அதிகாரி சாப்பிட்டுவிட்டு வந்தபோது அவருடைய கணினி அழகான சிங்களத்தில் அவரை வரவேற்றது. அவருடைய கோப்புகள், பாட்டுகள், மகளின் பிறந்தநாள் படங்கள் எல்லாம் போய்விட்டன. “கவுத?” என்று கர்ச்சித்தார். யார் என்றுதான் கேட்டார். கட்டுக்கரைத் தண்ணீர் ஒரு முழம் வற்றியது. சிப்பாய் மேசைக்குப் பின்னால் ஒதுங்கினான்.

அப்போதுதான் நீர் அந்த மன்னிக்கமுடியாத வேலையைச் செய்தீர். உம்முடைய ஓட்டைச் சிங்களத்தில், “நான்தான் அமத்தினனான்” என்றீர்.

ஏன் ஐயா? துவக்கு அவன் தோளில் கிடந்தது. அறை உம் கன்னத்தில் விழுந்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

படங்களை மீட்டுக் கொடுக்கும்வரை ஒருவர் இங்கே நிற்க வேண்டும் என்றார் அதிகாரி. நீர் தட்டைத் திருப்பி வாங்கி என் சட்டைப் பையில் வைத்தீர்.

“நீர் போம்.”

“உமக்கென்ன விசரோ? உம்மை விட்டிட்டு நான் எப்பிடிப் போறது?”

“நாளையிண்டைக்குப் பெட்டியளை ஏத்தப்போறாங்கள். போம் எண்டுறன்.”

போனேன். வழியெல்லாம் உம்மைத் திட்டிக்கொண்டே போனேன். நான் திட்டிய திட்டில் வயல் நெல் கருகியிருக்க வேண்டும்.

அடுத்தது பெடியளின் சாவடி; பெரியமடு அப்போது இயக்கத்தின் பக்கம். அங்கேயும் ஒரு கணினி இருந்தது. கண்ணாடி போட்ட ஒருவர் தட்டைப் போட்டு, மூன்று மொழிகளையும் பார்த்துவிட்டு, தட்டை வெளியே எடுத்து விரல் நுனியில் பிடித்தார். முறித்துவிடும் பிடி அது.

“இதுக்குள்ள சிங்களம் ஏன் கிடக்கு? ஆர் போடச் சொன்னது?”

என் வாழ்க்கையில் அதைவிட இலகுவான கேள்வியை யாரும் கேட்டதில்லை. அந்த விசரன்தான் போட்டவன், நான் வேண்டாமெண்டுதான் சொன்னனான் என்றால் முடிந்தது. சொல்வதெல்லாம் உண்மையும்கூட. வாயைத் திறந்தேன்.

“நாளைக்கு இந்தப் பிள்ளையள் ஒரு அரசாங்கக் கந்தோருக்குப் போனால் எந்தப் பாசையில கடுதாசி நீட்டுவாங்கள், தம்பி? மூண்டும் கிடக்கட்டும். வேணுமெண்டதை அதுகள் எடுக்கட்டும்.”

தட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

“கொண்டு போங்கோ ஐயா,” என்றார்.

பொழுது சாய்வதற்குள் பெரியமடுவில் ஆறு பெட்டிகளும் ஓடின. ஏற்றிப்போக எவரும் வரவில்லை.

முடிந்தமட்டும் படங்களை மீட்டுக் கொடுத்த பிறகு, உம்மை மறுநாள் பின்னேரம் விட்டார்கள். என் கடை வாசலில் வந்து நின்றீர். ஒரு பக்கக் கன்னம் மன்னார்ப் பெருக்க மரத்தின் பருத்த அடிபோல் வீங்கியிருந்தது. “சீடி போய்ச் சேந்ததோ?” என்றீர். “ஓம்” என்றேன். அதற்குப் பிறகு ஒரு முழு மாரிக்கு நான் உம்மோடு பேசவில்லை. ஏன் என்று நீர் ஒருநாளும் கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன், கேளும். என் வாய்க்குள் உம் சொல்லை வைத்து அனுப்பினீர். அதைத் திருப்பி எடுக்காமலே செத்தும் போனீர்.

போன கிழமை சிலாவத்துறையிலிருந்து ஒருவர் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று கணினி கொண்டுவந்தார். “தமிழ் மட்டும் போதும் அண்ணே, மற்றதெல்லாம் என்னத்துக்கு?” என்றார். சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நீர் முந்திக்கொண்டீர்: “மூண்டும் கிடக்கட்டும்.”

துப்பிப் பார்க்கிறேன் ஐசே. போகுதில்லை.