சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது

கீரனூர்,
10.3.2026

அன்புள்ள மெர்லின் அப்பாவுக்கு,

ஜாஸ்பின் எழுதுவது. நானும் மெர்லினும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். உங்களுக்கும் மாதா சுகத்தைக் கொடுத்திருப்பாள் என்று நம்புகிறேன். மனசு சுகமா என்று கேட்டால், அதற்குத்தான் இந்தக் கடிதம்.

தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று சிரிப்பீர்கள். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் "மீட்டர எடுத்துட்டு வா" என்கிறீர்கள். எதிர்வீட்டு காவ்யாவின் வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமை தோகாவுக்குக் கிளம்புகிறார். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். காகிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது.

உங்கள் பெட்டியைப் பற்றித்தான். போன வருட லீவில் வந்து, பிளைவுட் அறுத்து, பழைய கீபோர்டிலிருந்து கட்டைகளைப் பிடுங்கி மாட்டி, கோயிலுக்கென்று ஒரு சின்தசைசர் செய்தீர்களே, அது. நீங்கள் தோகாவுக்குத் திரும்பிப் போனதும் அது ஊமையாகிவிட்டது. ஈஸ்டருக்கு ஆர்மோனியத்தை வைத்து ஒப்பேற்றினார்கள். அதற்குப் பிறகு ஒரு வருடமாகத் துணி போர்த்திக் கிடந்தது. பாடகர் குழுவைப் பார்த்துக்கொள்கிற மரியசூசை அண்ணன் போன மாதம் வந்து, "ஈஸ்டருக்குள்ள சத்தம் வந்துச்சுன்னா சரி தங்கச்சி. இல்லன்னா புதுசு ஒண்ணு வாங்கிருவோம், இது ஸ்டோர் ரூம்ல கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மெர்லின் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அப்பா செய்ததை ஸ்டோர் ரூமில் போட்டால் இனிமேல் கோயிலில் எதையும் வாசிக்க மாட்டேன் என்கிறாள். உங்கள் பிடிவாதம் அப்படியே இருக்கிறது.

அதிலிருந்து மூன்று வாரம் நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும், ஆனால் தெரியாது. சுவிட்சைப் போட்டால் சிவப்பு விளக்கு எரிகிறது. அதோடு சரி. ஃபியூஸைப் பார் என்றீர்கள், பார்த்தேன், நன்றாக இருந்தது. அடாப்டரை மாற்று என்றீர்கள், மாற்றினேன். வோல்ட் அளக்கிற மீட்டரின் திருகை மாற்றி வைத்துத் தொட்டுவிட்டேன், பொறி பறந்தது. வீட்டையே கொளுத்திவிட்டது போல அங்கிருந்து கத்தினீர்கள். நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு வரலாறு நடத்துகிற டீச்சர். பானிபட் போரைக் கேளுங்கள், மூன்றையும் சொல்கிறேன். ஐந்து வோல்ட் ஏன் இந்த முனையில் இருக்கிறது, அந்த முனையில் இல்லை என்று என்னையே கேட்டால் நான் எங்கே போவேன்?

சர்க்யூட் படம் பீரோவில் இருக்கிறது என்றீர்கள். இருந்தது. ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் பாதிவரை வரைந்து, நடுவில் "மீதி பழையபடி" என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பழையபடி என்று மாதாவுக்குத்தான் தெரியும்.

கடைசியில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினோம். கண்டக்டர் படிக்கட்டுப் பக்கம் வைக்கச் சொன்னார். மெர்லின் மாட்டேன் என்று மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். திருக்கோகர்ணத்தில் டிவி, ஆம்ப்ளிஃபயர் எல்லாம் பார்க்கிற உடையப்பன் என்பவர், நல்ல மனிதர், ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்திருந்தார். மூடியைக் கழற்றியதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "எல்லா வயரும் செவப்பாவே போட்டுருக்காரு, எது எங்கிட்டு போகுதுன்னு எப்படிங்க கண்டுபுடிக்கிறது?" என்றார். எனக்கு அவமானமாகவும் இருந்தது, உங்கள் மேல் ஆத்திரமாகவும் இருந்தது.

ஒரு மணி நேரம் நோண்டினார். பிறகு மூலையில் இரண்டு கம்பி முனைகள் மொட்டையாக நிற்பதைக் காட்டி, இதை இணைக்கிற சின்ன துண்டைக் காணோமே என்றார். பக்கத்தில் ஒரு டேப், அதில் உங்கள் கையெழுத்து. "என்னங்க, மிசினுக்குள்ள பெரிய வியாழன்னு கெழமையெல்லாம் எழுதி வச்சிருக்காரு?" என்று கேட்டார்.

அவருக்குப் புரியாது. எனக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் பூசையில் வானவர் கீதம் பாடி முடித்தால், சனிக்கிழமை ராத்திரி உயிர்ப்புப் பூசைவரை கோயிலில் மணியும் கிடையாது, வாத்தியமும் கிடையாது. பெரிய வெள்ளியன்று பையன்கள் யாரும் தெரியாமல் தட்டிவிடக் கூடாதென்று அந்தத் துண்டைக் கழற்றி எடுத்தீர்கள். சனிக்கிழமை ராத்திரி திரும்ப மாட்ட வேண்டியவர், வெள்ளிக்கிழமை விடியற்காலையிலேயே விமானம் ஏறிவிட்டீர்கள். துண்டு எந்தச் சட்டைப் பையில் போனதோ. அதைச் சுத்தமாக மறந்துவிட்டு, மூன்று வாரம் என்னை வோல்ட் அளக்க வைத்தீர்கள்.

அன்று சாயங்காலம் போனில், பெரிய வியாழன் என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது என்று கேட்டேன். "பாதம் கழுவுறது" என்றீர்கள். உடனே "மீட்டர எடு" என்றீர்கள். போனை வைத்துவிட்டேன்.

இரண்டு நாளாகப் பெட்டி வேலை செய்கிறது. உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று மெர்லினையும் தடுத்து வைத்திருக்கிறேன். உடையப்பன் ஒரு துண்டு வயரை அந்த இடத்தில் சால்டரிங் வைத்தார். மெர்லின் கடையிலேயே நின்றுகொண்டு வாசித்தாள். ஆட்டோக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். நான் அத்தனை பேருக்கு முன்னால் அழுதுவிட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மெர்லின், "இனிமே கெட்டுப்போனா அப்பாவத் தொந்தரவு பண்ண வேணாம்மா, நானே பாத்துக்குவேன்" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். எனக்குப் பகீரென்றது. கிணற்று மோட்டார் ஓடாவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று நான் பழகிக்கொண்டேன். உங்கள் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்க்கவும் அடக்கம் செய்யவும் பழகிக்கொண்டேன். இப்போது என் பெண்ணும் பழகத் தொடங்கிவிட்டாள்.

கம்பெனியில் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டீர்கள். உங்கள் இஷ்டம் என்றேன். பொய் சொன்னேன். கையெழுத்துப் போடாதீர்கள். லீவு கிடைக்காமல் ஈஸ்டர் தாண்டினாலும் பரவாயில்லை, மெர்லின் வாசித்துவிடுவாள். அதன் பிறகாவது ஒரேயடியாக வந்துவிடுங்கள். நீங்கள் இல்லாமல் நடத்த எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இதற்கு மேல் எதையும் கற்றுக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை.

வெயிலில் நிற்காதீர்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். மாதா உங்களைப் பத்திரமாக வைத்திருந்து எங்களிடம் திருப்பிக் கொடுக்கட்டும்.

உங்கள்,
ஜாஸ்பின்