கிள்ளாத மிளகாய்

அன்புள்ள உங்களுக்கு,

நானும் பாப்பாவும் நலம். உங்கள் முதுகுவலி தேவலையா? மாமாவுக்கு மாத்திரை நேரத்துக்குக் கொடுக்கிறீர்களா?

பாப்பா சாப்பிடாமல் இன்னும் இளைத்தால் ஊருக்கே அனுப்பிவிடு என்றீர்களே, இனி அதற்கு அவசியமில்லை. காரணத்தை இதுவரை மறைத்துவிட்டேன், திட்டாதீர்கள். இங்கே ஒரு குண்டு மிளகாய், பழுத்த பழம் மாதிரி மணக்கும். அந்த வாசனைக்கு ஆசைப்பட்டு, நம் வீட்டு வழக்கப்படி இரண்டைக் கிள்ளிப் பருப்பில் போட்டேன். ஒரே வாய்தான், பாப்பா முகம் சிவந்து வீறிட்டாள். அன்றிலிருந்து சோற்றைக் கண்டாலே வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

நேற்று, பாப்பாவைப் பகலில் விடுகிற குழந்தைகள் காப்பகத்தில் சமைக்கிற அக்காவிடம் சொல்லி அழுதுவிட்டேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

“அதைப் போய் யாராச்சும் கிள்ளுவாங்களா? காம்போட முழுசா மிதக்கவிட்டு, உடையாம எடுத்துடணும். வாசனை தங்கிடும், காரம் அதோடயே போயிடும்.”

இன்று அப்படியே செய்தேன். பாப்பா முதலில் முகர்ந்து பார்த்தாள். பிறகு கிண்ணத்தை வழித்துவிட்டு, “இன்னும் ஊத்தும்மா” என்றாள். என் பங்கையும் அவளுக்கே ஊற்றிவிட்டேன்.

அடுத்த பார்சலில் மிளகாய்த்தூள் வேண்டாம். அவளுடைய சின்னக் கரண்டியை வையுங்கள். மிளகாய் வறுக்கும்போது வரிசையாக ஒன்பது தும்மல் போடுவீர்களே, அதையும் போனில் பதிவு செய்து அனுப்புங்கள். பாப்பாவுக்காகத்தான் கேட்கிறேன்.

காலை ஆறுக்கு லேபில் இருக்க வேண்டும், நிறுத்துகிறேன்.

உங்கள்
பாப்பா அம்மா