மூன்று முறை சொன்ன பாடம்

அன்பு மகன் பிலினோஸுக்கு, கோஸ் தீவிலிருந்து அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம், அலெக்சாந்திரியா வெக்கை உன் உடம்பை வாட்டாமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும்.

உன் தங்கை மகளுக்குப் பல் முளைத்துவிட்டது, தூக்குகிறவர் விரலையெல்லாம் கடிக்கிறாள், அத்திமரம் இந்த வருஷம் நன்றாகக் காய்த்தும் பறித்துத் தின்ன நீ இல்லை. சரி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன வாரம் மாணவர்களுக்கு மரண பயத்தைப் பற்றிப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன், வழக்கம்போல எல்லோரும் தலையாட்டினார்கள், பருப்புக் கஞ்சி கொண்டுவந்த சமையல்காரி மிர்த்தலே மட்டும், "என்னய்யா, முந்தாநாளும் இதத்தான் சொன்னீங்க, நேத்தும் இதத்தான் சொன்னீங்க, இன்னிக்குமா?" என்று கேட்டுவிட்டாள். பையன்கள் அவளை அதட்டினார்கள். அவர்களுடைய மெழுகுப் பலகைகளை வாங்கிப் பார்த்தேன், ஒரே பாடம் மூன்று முறை, அழகான கையெழுத்தில்.

இரண்டு வருஷத்துக்கு முன்பே நீ சொன்னாய். மாதாமாதம் இருபதாம் நாள் ஒருவர் குற்றத்தை இன்னொருவர் மறைக்காமல் சொல்ல வேண்டும், ஆசிரியரையும் விடக்கூடாது என்பது நம் தத்துவப் பள்ளியின் வழக்கம், அதை நம்பித்தானே நீ எழுந்து, "அப்பா, உங்களுக்கு மறதி வந்திருச்சு" என்றாய். என் இடத்தைப் பிடிக்கப் பார்க்கிறாயா என்று எல்லோர் முன்னாலும் கத்தி உன்னை அலெக்சாந்திரியாவுக்குக் கப்பலேற வைத்தேன். அதைப் பார்த்த பையன்கள், இந்த ஆளிடம் உண்மை பேசக்கூடாது என்று அன்றைக்கே தெரிந்துகொண்டார்கள். நான் கற்றுக்கொடுத்ததில் அவர்கள் மறக்காதது அது ஒன்றுதான்.

இந்த இருபதாம் நாள் நானே எழுந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். மூத்த மாணவன் அரிஸ்தாயோஸ் என் கையைப் பிடித்து, "அதெல்லாம் ஒண்ணுமில்லய்யா, நீங்க நல்லாத்தான் இருக்கீங்க" என்றான், மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கடல் அமைதியாக இருக்கும்போது ஒருமுறை வந்துவிட்டுப் போ மகனே, வெறும் வயிற்றோடு வெயிலில் அலையாதே. உண்மை சொல்லும் நண்பர்கள் சூழ நீ நீண்ட காலம் வாழ வேண்டும். ஒன்று மட்டும் செய். இதே சேதியை முன்பும் உனக்கு எழுதினேனா என்று எனக்குத் தெரியவில்லை, எழுதியிருந்தால் மறைக்காமல் சொல். இந்த முறை கோபப்பட மாட்டேன்.

உன் அப்பா,
நிக்காகோரஸ்