மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பாட்டில்

செப்டம்பர் 30, செவ்வாய்

கலைவாணி கல்லூரியிலிருந்து இரண்டு சின்ன பாட்டில்கள் கொண்டுவந்தாள். பூஜை விடுமுறைக்கு ஆய்வுக்கூடத்தில் கரண்ட்டை நிறுத்திவிடுவார்களாம். உள்ளே பால் கலந்த தண்ணீர் மாதிரி ஏதோ. புற்றுநோய் மருந்தைச் சுமக்கும் பாலிமர் உருண்டைகளாம். தலைமுடியை ஐந்நூறாக வகிர்ந்த பருமன். ஆறு மாதமாகக் கண்ணுக்குத் தெரியாததைச் செய்கிறாள். பெற்றதால் நம்புகிறேன்.

"ஃபிரிட்ஜ்ல வெய்மா. வெள்ளிக்கிழமை சார் எதிர்ல அளக்கணும். ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினா ஆறு மாசமும் போச்சு."

மாலை 6.20: ஒன்று ஐஸ் பெட்டியில். உசத்தியான பொருள், நன்றாகக் குளிரட்டும். இன்னொன்றுக்கு அங்கே இடமில்லை. கீழே, மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில்.

அக்டோபர் 1, சரஸ்வதி பூஜை

காலை 10.15: கீழே இருந்த பாட்டிலை எடுத்து, அவள் புத்தகங்களோடு பூஜையில் வைத்தேன். அதுவும் படிப்புதானே? மூடியில் குங்குமம் இட்டேன். "சரஸ்வதிக்கு ஊசி போடப் போறியா?" என்றார் வீட்டுக்காரர்.

கலைவாணி பார்த்துவிட்டு அலறினாள். "குளிர்ச்சியில இருக்கணும்மா அது!"

பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை எடுக்கக் கூடாது என்றேன். கையை நீட்டினாள். மடக்கிக்கொண்டாள். டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறவள்!

"இன்னொண்ணாவது பத்திரமா இருக்குதா?"

"ரொம்பப் பத்திரம். ஐஸ் பெட்டியில."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உறைந்தால் ஒட்டிக்கொள்ளுமாம். இதை யார் சொன்னார்கள் என்னிடம்? — சொல்லாவிட்டால் நானாவது கேட்டிருக்கலாமே, பெரிய புத்திசாலி நான்.

அக்டோபர் 2

காலை 6.30க்கு மறுபூஜை முடித்து எடுத்தேன். மறுபடி மாவுக்குப் பக்கத்தில்.

அக்டோபர் 3, வெள்ளி

ஐஸ் பாட்டில் திரிந்த பாலாம். பூஜை பாட்டில் ஒட்டவே இல்லை, 184 நானோமீட்டர்!

வெளியே இருந்ததைச் சொன்னதும், "ஏம்மா வெளிய வெச்சே?" என்று கேட்டாராம் சார். "அறை வெப்பத்துல தாங்குதான்னு பார்த்தேன் சார்." கூசாமல் சொல்லியிருக்கிறாள். "நல்ல யோசனை. நேரம் குறிச்சியா?"

உடனே எனக்குப் போன். இந்த நோட்டைப் பார்த்துச் சொன்னேன்: இருபது மணி நேரம், பதினைந்து நிமிஷம்.

"சரஸ்வதி காப்பாத்தினாடி."

"உன் மாவுப் பாத்திரம் காப்பாத்துச்சுமா."

அக்டோபர் 18, சனி

தீபாவளி விடுமுறை. நான்கு புது பாட்டில்கள் வந்திருக்கின்றன. கீழ்த்தட்டில் வைக்கச் சொல்லிச் சீட்டே ஒட்டிவிட்டாள். "நேரம் குறிச்சியாம்மா?" மாலை 5.10. குறித்தாயிற்று.

ஒரு மூடியில் சின்னதாகக் குங்குமம் இருந்தது. நான் இடவில்லை. கேட்கவும் இல்லை.